ஆர்எக்ஸ் 100 கார்புரேட்டர் ஒழுக்கு: ஐந்து வருஷக் கணக்கு

எங்கள் வீட்டு முகப்பில் ஆத்தங்குடிக் கல் பாவியிருக்கிறது. அதில் ஒரே ஒரு கல் மட்டும் உள்ளங்கை அகலத்துக்குப் பளபளப்பு போய் மங்கிக் கிடக்கும். அப்பச்சியின் யமஹா ஆர்எக்ஸ் 100 பைக் நின்ற இடம் அது. இத்தனை வருஷம் எண்ணெய் விட்டுத் துடைத்து ஏற்றிய மெருகைச் சொட்டுச் சொட்டாக விழுந்த பெட்ரோல் ஒரே மழைக்காலத்தில் எடுத்துவிட்டது.

வண்டி 1993 மாடல். அப்பச்சி பத்து வருஷம் ஓட்டிவிட்டு, ஸ்கூட்டர் வாங்கியதும் இதை வீட்டின் இரண்டாம் கட்டுக்குள் சாத்தி வைத்துவிட்டார்கள். 2020-இல் ஊரோடு வந்து சேர்ந்தபோது நான் எடுத்துத் துடைத்தேன். அன்றிலிருந்து பள்ளத்தூருக்கும் காரைக்குடிக்குமாகத் தினசரி ஓட்டம், நடுவில் கோட்டையூரில் ஒரு டீ. இன்ஜினைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. 98 சிசி, 11 குதிரைத்திறன், இன்றைக்கும் அந்தச் சத்தத்துக்கு ரோட்டில் நாலு பேர் திரும்பிப் பார்க்கிறார்கள். என்னை அலைக்கழித்தது, பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் கார்புரேட்டர்தான். நாலு தடவை சரி செய்தேன், மூன்று தடவை தப்பாக.

முதல் தடவை, கார்புரேட்டர் அடியில் பெட்ரோல் தேங்கும் கப்பில் மிஞ்சியதை வெளியே விடும் ஓவர்ஃப்ளோ ட்யூப் வழியாக ஒழுகுகிறது என்றதும் வழியில் இருந்த ஒரு பட்டறையில் நூற்றைம்பது ரூபாய் கிட் ஒன்றைப் போட்டுவிட்டார்கள். கப்புக்கு வரும் பெட்ரோலை அடைக்கும் நீடில், கேஸ்கட், பெட்ரோலை அளந்து விடும் ஜெட் எல்லாம் ஒரே பாக்கெட்டில். இரண்டு மாதம் சொட்டுக்கூட விழவில்லை. ஆனால் ப்ளக் கரி பிடித்தது, மைலேஜ் முப்பதுக்குக் கீழே போனது. கிட்டில் வந்த ஜெட்டின் துளை அளவு சரியில்லை என்று பிறகுதான் புரிந்தது. நல்லவேளை, பழைய ஜெட்டைக் கேட்டு வாங்கிச் சட்டைப்பையில் போட்டிருந்தேன். டூப்ளிகேட் கிட் வாங்கியே தீர வேண்டும் என்றால் கேஸ்கட்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். வண்டியோடு வந்த பித்தளை ஜெட் லேசில் தேயாது, அடைத்துக்கொள்ளும், அவ்வளவுதான்.

இரண்டாவது தடவை பார்த்தவர், கப்பில் பெட்ரோல் ஏற ஏற மிதந்து நீடிலை மூடும் ஃப்ளோட்டின் நாக்கை வளைத்து, கப்பில் பெட்ரோல் மட்டத்தை இறக்கிவிட்டார். ஒழுக்கு நின்றது. ஆனால் டாப் கியரில் முறுக்கினால் வண்டி திணறும். டூ ஸ்ட்ரோக்கில் இது விளையாட்டில்லை. பெட்ரோல் குறைந்து காற்று கூடினால் சூடேறிப் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். நான் பயந்துபோய் நாக்கைப் பழையபடி நிமிர்த்தச் சொன்னேன், ஒழுக்கும் பழையபடி வந்தது.

அந்த வருஷக் கார்த்திகையன்று திண்ணை நெடுக விளக்கு வைத்துக்கொண்டே வந்த ஆத்தா, வாடை அடித்ததும் நின்றுவிட்டார்கள். கையில் எரிகிற திரி, பத்தடியில் வண்டி, அடியில் ஈரம். "விளக்கு அப்புறம். முதல்ல இந்தச் சனியனத் தெருவுக்குத் தள்ளு" என்றார்கள். அன்றிரவு முழுக்க வண்டி வேப்பமரத்தடியில் நின்றது. மறுநாளே ஒரு பழைய எனாமல் தட்டு வண்டிக்கடியில் வந்துவிட்டது. பெட்ரோலைப் பிடிக்க அல்ல, தரையைக் காப்பாற்ற. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் அந்த மாதிரித் தட்டை இப்போது என்ன விலை சொல்கிறார்கள் என்று ஆத்தாவிடம் நான் சொல்லவில்லை.

மூன்றாவது தடவை ஆத்திரத்தில் முழு கார்புரேட்டரையே மாற்றினேன். புதுசு, பளபளப்பு, டூப்ளிகேட். எட்டு மாதம் ஓடியது. ஒழுகவில்லை என்பது உண்மை. ஐட்லிங் ஒருநாள் இருப்பது மறுநாள் இல்லை; முறுக்கினால் ஏறி இறங்கும் ஸ்லைடு தன் குழாயில் லொடலொடவென்று ஆடியது. காசைத் தண்ணீரில் போட்டதுதான். வண்டியோடு வந்த பழைய மிக்குனி கார்புரேட்டரைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தது நான் செய்த ஒரே புத்திசாலித்தனம்.

நாலாவதாகத்தான் அந்தப் பழைய கார்புரேட்டரோடு தேவகோட்டை ரோட்டில் ஒரு பாயிடம் போனேன். வயதானவர், சின்னப் பட்டறை. கழற்றியதும் அவர் செய்த முதல் வேலை எனக்குப் புதிது. ஃப்ளோட் கப்பை எடுத்துவிட்டு, கார்புரேட்டரைத் தலைகீழாகப் பிடித்து, பெட்ரோல் வரும் குழாயில் வாய் வைத்து ஊதினார். தலைகீழாக இருக்கும்போது ஃப்ளோட்டின் கனமே நீடிலை அழுத்தி மூட வேண்டும், காற்று போகக் கூடாது. புஸ்ஸென்று போனது. "தம்பி, நீடில் புதுசுதான். அது உக்கார்ற எடம் பழசு" என்றார்.

லென்ஸ் வைத்துக் காட்டினார். நீடில் போய் உட்காரும் பித்தளை சீட்டின் விளிம்பில், முடி அகலத்துக்குப் பச்சையாக ஒரு அரிப்பு. சீட்டைக் கழற்றினால் அதற்கடியில் இருக்கும் வாஷர் நசுங்கிக் கிடந்தது. மேலே நீடில் எவ்வளவு இறுக்கமாக மூடினாலும், வாஷர் பக்கமாகப் பெட்ரோல் கப்புக்குள் இறங்கிக்கொண்டே இருக்கும். முன்பு பார்த்தவர்கள் நீடிலையும் ஃப்ளோட்டையும்தான் தொட்டார்கள், ஒருவர்கூட சீட்டைக் கழற்றிப் பார்க்கவில்லை. ஒரிஜினல் நீடிலும் சீட்டும் ஜோடியாக வாங்கிவரச் சொன்னார். கிட்டைவிட மூன்று மடங்கு விலை. வரும்வரை ஒப்பேற்ற, காது குடையும் பஞ்சுக் குச்சியில் பித்தளை துலக்கும் பிராஸோ தொட்டுப் பழைய சீட்டைச் சுழற்றிச் சுழற்றித் தேய்த்துக் கழுவினார். அதிலேயே முக்கால்வாசி ஒழுக்கு நின்றுவிட்டது.

கப்பைத் தனியாக எடுத்துப் பெட்ரோல் ஊற்றிச் செய்தித்தாள் மேல் வைத்தார். அதற்குள் நிற்கும் ஓவர்ஃப்ளோ பித்தளைக் குழலில் கீறல் இருந்தால் தாள் நனையும். எனக்கு நனையவில்லை. அப்புறம் ஒரு விஷயத்தை அழுத்திச் சொன்னார். சில பேர் ஒழுக்குக்குப் பயந்து ஓவர்ஃப்ளோ ட்யூபின் வாயையே அடைத்துவிடுகிறார்களாம். அடைத்தால் மிச்சப் பெட்ரோல் இன்ஜினுக்குள்தான் போகும்; காலையில் கிக்கர் இறங்காது, இறங்கினால் தெருவே புகை. தரையில் ஒழுகுவது நமக்கு வரும் எச்சரிக்கை.

சீட்டை அரித்தது எது? டேங்க்கில் இருந்த துரு ஒரு பங்கு. இத்தனை வருஷம் பாதி காலியாக நின்ற டேங்க். மேல்பாதி முழுக்கச் செம்மண் நிறம். பழைய செயினை உள்ளே போட்டு டீசல் ஊற்றி இரண்டு பேர் மாறி மாறிக் குலுக்கினோம். அதிலிருந்து வந்தது டீக்கடை டிகாஷன் மாதிரி இருந்தது. இன்னொரு பங்கு பெட்ரோலில் கலக்கும் எத்தனால். 2022-இல் பத்து சதவீதக் கலப்பு; 2025-இல் இருபது ஆனது, என் சீட் அதற்கு முன்பே கெட்டிருந்தது. எத்தனால் ஈரத்தை இழுக்கும்; ஈரம் மிஞ்சினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பிரிந்து கப்பின் அடியில் தங்கும். பழைய ரப்பரும் அதில் ஊறி உப்பும். தினமும் ஓடும் வண்டிக்கு அவ்வளவாகத் தெரியாது, நிற்கிற வண்டிக்குத்தான் கேடு. 1953-இல் திறந்த சிக்ரி, உலோக அரிப்பையும் ஆராயும் மின்வேதியியல் நிறுவனம், என் வண்டி தினம் போகும் அதே காரைக்குடியில்தான் இருக்கிறது. அந்தப் பெருமையெல்லாம் என் சீட்டுக்குத் தெரியவில்லை.

புது சீட், நீடில், வாஷர், கேஸ்கட், டேங்க்குக்கும் கார்புரேட்டருக்கும் நடுவே சின்ன ஃபில்டர், புது பெட்ரோல் ட்யூப். இது நடந்து இரண்டு வருஷம் தாண்டிவிட்டது. மைலேஜ் நாற்பதை ஒட்டி வருகிறது. வண்டியை நிறுத்தியதும் டேங்க் அடியில் இருக்கும் ‘பெட்ரோல் காக்’ என்ற திருகை மூடுவது இப்போது கை தானாகச் செய்யும் வேலை. ஒரு வாரத்துக்கு மேல் ஊரில் இல்லையென்றால், காக் மூடியபின் இன்ஜின் தானாக நிற்கும்வரை ஓடவிட்டுக் கப்பைக் காலி செய்துவிடுகிறேன். ஃபில்டரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றுகிறேன். அதன் அடியில் இன்னமும் இரண்டு மூன்று துருத் துகள்கள் நிற்கின்றன.

குறை இல்லாமல் இல்லை. போன பங்குனி வெயிலில் காக் லீவரின் அடியில் லேசாக ஈரம் கண்டது. உள்ளே நாலு ஓட்டை வைத்த ரப்பர் வாஷர் உப்பியிருந்தது. முப்பது ரூபாய், கால் மணி நேர வேலை, வீட்டிலேயே மாற்றினேன். எனாமல் தட்டு மட்டும் இன்னும் வண்டிக்கடியில்தான் கிடக்கிறது. எடுத்துவிடலாமா என்று கேட்டால், "இன்னொரு மழைக்காலம் போகட்டும்" என்கிறார்கள் ஆத்தா.