மண்டபம் கேம்ப் அக்காவின் ரிச் கேக்: ஐந்துக்கு நாலு நட்சத்திரம்

கிறிஸ்துமஸுக்கு இந்தக் கேக் வேண்டுமென்றால் டிசம்பர் 10க்குள் சொல்லிவிடுங்கள், அதற்குப் பிறகு கிடைக்காது. போன வருசம் 22ஆம் தேதி போய் நின்று, வெறுங்கையோடு பாம்பன் திரும்பி, வீட்டில் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

பெரிய கடை என்று தேடாதீர்கள். ஒரு வீட்டுத் திண்ணை, ஒரு கண்ணாடிப் பெட்டி, ஒரு தராசு, அவ்வளவுதான். போர்டு கிடையாது. சில்லறையாகப் பணம் கொண்டுபோங்கள். அக்கா இலங்கையில் மன்னார்ப் பக்கம். 1990இல் சண்டைக்குத் தப்பிப் படகேறி, இங்கே அகதி முகாமுக்கு வந்தவர்.

நம்ம பேக்கரி பிளம் கேக்கோடு இதை ஒப்பிட முடியாது. இதில் மைதா இல்லை, வறுத்த ரவை. பொடியாக நறுக்கிய முந்திரி, பேரீச்சை, சீனிப்பாகில் ஊறிய நீர்ப்பூசணித் துண்டுகள், கொஞ்சம் பன்னீர். விரல் நீளத்துக்கு வெட்டி, எண்ணெய்த்தாளில் சுற்றி, மேலே மினுமினுப்புத் தாள் போட்டு முறுக்கித் தருகிறார். கையில் எடுத்தாலே கனம் தெரியும். பிரித்ததும் விரலில் லேசாக எண்ணெய் ஒட்டும், பன்னீர் வாசம் முதலில் வரும், கிராம்பு பின்னால் வரும்.

எத்தனை நாள் கெடாமல் இருக்கும் என்று கேட்டேன்.

"மூண்டு மாசம் இருக்கும் தம்பி. நத்தாருக்குச் சண்டை நிண்டா ஊருக்குக் கொண்டு போகலாம், நிக்காட்டி இங்கயே வச்சுச் சாப்பிடலாம் எண்டுதான் இதைச் செய்யத் தொடங்கினனான்."

நத்தார் என்றால் அவர்கள் பேச்சில் கிறிஸ்துமஸ். சண்டை ஒரு தடவை அப்படி நின்றது. 2001 டிசம்பர் 24 நள்ளிரவிலிருந்து ஒரு மாதம் சுடமாட்டோம் என்று விடுதலைப் புலிகள் அறிவித்தார்கள், இலங்கை அரசும் ஒத்துக்கொண்டது. அந்த வாரம் முகாம் வீட்டில் மண்ணெண்ணெய் அடுப்பு, மணல் பரப்பிய அலுமினியச் சட்டி, மூடிமேல் கரித்தணல், பக்கத்தில் ரேடியோ என்று வைத்துக்கொண்டு 2 கிலோ கேக் செய்தாராம். 2002 பிப்ரவரி 22இல் போர்நிறுத்த ஒப்பந்தம் கையெழுத்தான அன்று மிச்சமிருந்த கடைசித் துண்டைப் பிள்ளைகளுக்குப் பிய்த்துக் கொடுத்திருக்கிறார்.

2005இல் அந்த ஒப்பந்தம் காகிதத்தில் இருக்கும்போதே, மட்டக்களப்பு புனித மரியாள் பேராலயத்தில் நத்தார் பூசையில் வைத்து இலங்கைத் தமிழ் எம்.பி. ஜோசப் பரராசசிங்கத்தைச் சுட்டுக் கொன்றார்கள். "அந்த வருசக் கேக்கை ஒருத்தரும் பிரிக்கேல்ல" என்றார் அக்கா. எனக்கு மேற்கொண்டு கேட்க வாய் வரவில்லை. தராசைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

தராசுக்கு மேலே சுவரில் ஒரு பேப்பர் படம் ஒட்டியிருக்கிறது. 2023இல் பெத்லகேம் லூத்தரன் கோயிலில் இடிபாட்டுக் கல் குவியலுக்கு நடுவே பாலன் இயேசுவைக் கிடத்தியிருந்தார்களே, அது. காசாவை நினைத்து அந்த வருசம் பெத்லகேமில் கொண்டாட்டமே வைக்கவில்லை. "நாங்களும் பங்கருக்குள்ள மண்மூட்டையிலதான் பாலனைப் படுக்க வச்சுச் செபம் சொன்னனாங்கள்" என்று சொல்லிவிட்டு, பாக்கிச் சில்லறையை எண்ணப் போய்விட்டார்.

இனி குறை. கிராம்பு ஒரு சிட்டிகை தூக்கல். அட்டைப்பெட்டி சொத்தை, பாலத்தில் பஸ் குலுங்கிய குலுக்கலில் மூலை கிழிந்து நாலு துண்டு உதிர்ந்துவிட்டது. ஒரு நட்சத்திரம் குறைத்தது அதற்குத்தான். விலையும் பேக்கரியைவிட அதிகம், ஆனால் முந்திரி விற்கிற விலைக்கு வாயைத் திறக்க மாட்டேன்.

இந்த வருசம் 8ஆம் தேதியே சொல்லி ஒரு கிலோ வாங்கிவிட்டேன். கொஞ்சத்தைப் பிப்ரவரி வரை வைத்துப் பார்க்கிறேன், பிள்ளைகள் விட்டுவைத்தால்.