செயற்கைப் புல்தரையும் பெங்களூர் டிவிஷன் லீக் கால்பந்தும்: ஆடியும் பார்த்தும் கண்டவை

நகரக் கிளப்புகள் பல பிரிவுகளாக ஆடும் பெங்களூரின் டிவிஷன் லீக் கால்பந்தைப் பல ஆண்டுகளாக, முதலில் ஆட்டக்காரனாகவும் பின்னர் பார்வையாளனாகவும் தொடர்ந்து வருகிறேன். அந்தக் காலத்தின் பெரும்பகுதி செயற்கைப் புல்தரையின் மீதும் அதன் ஓரத்துக் கேலரியிலும்தான் கழிந்தது. கீழ்ப்பிரிவுக் கிளப்புகளுக்கு இப்போதைக்கு இதைவிடப் பயனுள்ள ஏற்பாடு வேறில்லை என்பது என் உறுதியான கருத்து. ஆனால், பராமரிப்புச் செலவில் கைவைக்கும் இடங்களிலும் உச்சி வெயிலில் ஆட்டத்தை வைக்கும் இடங்களிலும் இதே தரை ஆட்டக்காரரின் முழங்காலைப் பதம் பார்க்கிறது. பார்க்க வருபவர்களையும் விரட்டிவிடுகிறது.

இந்த ஊரில் கால்பந்து வளர்ந்தது செம்மண்ணில். ஆஸ்டின் டவுன், அல்சூர் பக்கத்துக் கௌதமபுரம் போன்ற தமிழர் அடர்ந்து வாழும் பேட்டைகளில் பிள்ளைகள் கல்லும் மண்ணுமான திடல்களில் வெறுங்காலோடு பந்தைக் கட்டுப்படுத்தப் பழகினார்கள். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்சுக்கு எதிராக இந்தியாவின் ஒரே கோலை அடித்த சாரங்கபாணி ராமன் பெங்களூர் ஆட்டக்காரர்தான். கௌதமபுரத்தில் பெலேவுக்குச் சிலையே வைத்திருக்கிறார்கள். அந்த மண்ணின் மீது எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனாலும் ஒரு லீக்கை நடத்துவதற்கு அது உதவவில்லை. மே மாதத்தில் இடியோடு தொடங்கும் மழை செப்டம்பர், அக்டோபரில் வலுத்துவிடும். ஒரு மணி நேரம் கொட்டினால் போதும், மறுநாளும் திடலில் கால் வைக்க முடியாது. ஆட்டம் தள்ளிப்போன செய்தி, அலுவலகத்தில் அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டு வந்து நிற்பவருக்கு வாசலில்தான் தெரியவரும். அப்படி இரண்டு முறை திரும்பிப் போனவர் மூன்றாம் முறை வருவதில்லை. கீழ்ப்பிரிவுக் கூட்டம் கலைந்து போவது பெரும்பாலும் இப்படித்தான்.

செயற்கைத் தரை மாற்றியது முதலில் இதைத்தான். அசோக் நகரிலுள்ள பெங்களூர் கால்பந்து ஸ்டேடியத்தில் ஒரே பிற்பகலில் இரண்டு ஆட்டங்களை அடுத்தடுத்து நடத்த முடிகிறது, மறுநாளும் அவ்வாறே. இயற்கைப் புல்லின் மேல் இந்தச் சுமையை ஏற்றினால் சில வாரங்களிலேயே கோல் முகப்பு வழுக்கையாகிவிடும். மழை விட்ட சிறிது நேரத்தில் தண்ணீர் அடியிலுள்ள ஜல்லி அடுக்கின் வழியாக வடிந்து, ஆட்டம் தொடங்கிவிடுகிறது. சொன்ன நாளில் சொன்ன நேரத்தில் ஆட்டம் நடக்கும் என்ற நம்பிக்கை வந்த பிறகு, வழக்கமாக வரும் முகங்கள் என்று ஒரு கூட்டம் தானாக உருவானதை நான் கண்கூடாகப் பார்த்திருக்கிறேன்.

இனித் தரையைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். இப்போது வழக்கிலுள்ள மூன்றாம் தலைமுறைத் தரையில் பாலிஎத்திலீன் இழைகள் ஏறத்தாழ 40 முதல் 60 மில்லிமீட்டர் உயரத்துக்கு நிற்கின்றன. அவற்றுக்கிடையே அடியில் மணலும் அதன் மேல் பழைய டயர்களை அரைத்தெடுத்த கருப்பு ரப்பர் குருணையும் நிரப்பப்படுகின்றன. இழைகளை நிமிர்த்தி நிறுத்துவதும், விழும் உடலின் அதிர்ச்சியை வாங்கிக்கொள்வதும், பந்தின் எழும்பலைத் தீர்மானிப்பதும் பெரும்பாலும் இந்த நிரப்புதான். ஃபிஃபாவின் உயர்தரச் சான்றான குவாலிட்டி ப்ரோ பெற வேண்டுமானால் 2 மீட்டர் உயரத்திலிருந்து விடப்பட்ட பந்து 60 முதல் 85 சென்டிமீட்டருக்குள் எழும்ப வேண்டும். சரிவிலிருந்து உருட்டிவிட்ட பந்து 4 முதல் 8 மீட்டருக்குள் நிற்க வேண்டும். அந்தச் சான்று ஓராண்டுதான் செல்லும். அடுத்த நிலைச் சான்றுக்கு மூன்றாண்டு.

இந்த எண்களின் பொருளை ஆடும்போது கால் உணர்ந்துவிடும். நல்ல நிலையிலுள்ள தரையில் குறுக்குப் பாஸ் தடுமாறாமல் வந்து சேர்கிறது. செம்மண்ணில் பந்து எங்கே துள்ளுமோ என்று தலையைக் குனிந்தே ஆடிய நடுக்கள ஆட்டக்காரர், இங்கே தலையை உயர்த்தி அடுத்த பாஸைத் தேடுகிறார். டிவிஷன் லீக்கில் கீழிருந்து பந்தைக் கட்டி மேலே கொண்டுபோகும் ஆட்டம் பரவியதற்குப் பயிற்சியாளர்கள் ஒரு காரணம் என்றால், பந்து நேராக உருண்டது மற்றொரு காரணம்.

தேய்ந்த தரையின் கதை வேறு. நகரின் கிழக்குப் பகுதியில் மணிக்கணக்கில் வாடகைக்கு விடப்படும் ஒரு டர்ஃபில் எங்கள் அணி வெகுகாலம் பயிற்சி எடுத்தது. திறந்த புதிதில் அருமையாக இருந்தது. பிறகு யாரும் அதற்கு பிரஷ் போடவில்லை, குறைந்த குருணையை நிரப்பவுமில்லை. கோல் முகப்பில் மண்டியிட்டு விரலால் அழுத்திப் பார்த்தால், மூன்றாவது ஆண்டில் குருணை விரல் நகத்தளவுகூட மிஞ்சவில்லை; இழைகள் ஒரே பக்கமாகப் படுத்து, எண்ணெய் தடவிச் சீவிய தலைமுடிபோல் பளபளத்தன. அங்கே பந்து வழுக்கிக்கொண்டு ஓடியது. கார்னர் பக்கம் இரண்டு விரிப்புகள் சேரும் ஒட்டு பிரிந்து தூக்கிக்கொண்டு நின்றது. எங்கள் வலது பேக் அந்த ஒட்டில் பூட்ஸ் மாட்டி முழங்கால் திருகி விழுந்தார். அந்த சீசன் முழுவதும் அவர் ஆடவில்லை. விளக்கும் வலையும் பார்க்க அழகாக இருந்தாலும், நிரப்பு போன தரை கான்கிரீட்டின் மேல் விரித்த பாய்தான். மாலைக்கு மாலை காசு வாங்கும் இடம் அந்தக் காசில் ஒரு பங்கைக் குருணைக்கும் பிரஷுக்கும் செலவிடாதது எனக்கு இன்றும் ஆறாத கோபம்.

வெயிலைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். உயிருள்ள புல் தன்னிலுள்ள நீரை ஆவியாக்கிக் குளிர்கிறது. பிளாஸ்டிக்குக்கு அந்த வழியில்லை, கருப்புக் குருணையோ வெயிலை வாங்கி வைத்துக்கொள்கிறது. 2015இல் கனடாவில் நடந்த மகளிர் உலகக் கோப்பை முழுவதும் செயற்கைத் தரையில் ஆடப்பட்டது. எட்மன்டனில் தொடக்க ஆட்டத்துக்கு முன் தரை 49 டிகிரி செல்சியஸ் காட்டியது. குளிர்நாடான கனடாவிலேயே அப்படியென்றால், மார்ச், ஏப்ரல் மாதத்துப் பெங்களூர்ப் பிற்பகலைச் சொல்ல வேண்டியதில்லை. பாதத்தின் அடிப்பகுதி எரியத் தொடங்கியதும் ஓட்டம் குறைகிறது, இரண்டாம் பாதியில் ஆட்டமே மந்தமாகிறது, கேலரியும் சோர்ந்துவிடுகிறது. தண்ணீர் தெளித்தால் சிறிது நேரம் தணியும். ஆனால் 2024 மார்ச் தண்ணீர்ப் பஞ்சத்தின்போது தோட்டத்துக்கும் கார் கழுவவும் குடிநீரைப் பயன்படுத்தினால் 5,000 ரூபாய் அபராதம் என்று அறிவித்த ஊர் இது. தெளிப்பதைவிட ஆட்ட நேரத்தைத் தள்ளி வைப்பதே இங்கே நியாயமான வழி. தண்ணீர் கணக்கில் செயற்கைத் தரைக்கு ஒரு பெருமையும் உண்டு, ஏனெனில் இயற்கைப் புல்லுக்கு அன்றாடம் நீர் வேண்டும்.

ஆட்ட நாளின் சூழலுக்கு வருகிறேன். என்னை இந்த லீக்கோடு கட்டிப்போட்டது அதுதான். அசோக் நகர் ஸ்டேடியத்தில் ஆடுகளத்தைச் சுற்றி ஓட்டப்பந்தயத் தடம் கிடையாது. கேலரியின் கீழ்வரிசையில் உட்கார்ந்தால் கோல்கீப்பர் தன் தடுப்பாட்டக்காரரை அழைக்கும் குரலும், பூட்ஸ் தரையில் உரசும் ஒலியும் தெளிவாகக் கேட்கும். 2013 செப்டம்பரில் பெங்களூரு எஃப்சி அப்போது நாட்டின் முதல்நிலை லீக்காக இருந்த ஐ-லீக்கில் தன் முதல் ஆட்டத்தை மோகன் பகானோடு இங்கேதான் ஆடி 1-1 என்று முடித்தது; அந்த சீசனிலேயே சாம்பியனும் ஆனது. வெஸ்ட் பிளாக் ப்ளூஸ் என்ற ரசிகர் குழு தன் பெயரை இந்த ஸ்டேடியத்தின் மேற்குக் கேலரியிலிருந்து எடுத்துக்கொண்டது. பிறகு அந்தக் கிளப் கண்டீரவா ஸ்டேடியத்துக்குப் போனது. அங்கே இயற்கைப் புல் உண்டு, ஆனால் தடகளப் பாதை குறுக்கே கிடக்கிறது. இரண்டிலும் உட்கார்ந்து பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: கூட்டத்தின் உயிர்ப்புக்குத் தரை புல்லா பிளாஸ்டிக்கா என்பதைவிட, ஆட்டம் எவ்வளவு பக்கத்தில் நடக்கிறது என்பதே முக்கியம்.

டிவிஷன் லீக் நாளில் வருவது சில நூறு பேர்தான். ஆயினும் வருபவர் ஒவ்வொருவருக்கும் களத்தில் யாராவது ஒருவர் சொந்தம். எம்இஜி அணி, அதாவது ராணுவப் பொறியியல் பிரிவான மெட்ராஸ் சாப்பர்ஸின் வீரர்கள், ஆடும் நாளில் தமிழ்க்குரல் தூக்கலாக இருக்கும். "லைன்லயே போ தம்பி, உள்ள வராத!" என்று ஒரு பெரியவர் விங்கருக்குச் சொல்ல, பக்கத்தில் இருப்பவர் கன்னடத்தில் "ஹொடி, ஹொடி!" (அடி, அடி!) என்று கத்துவார். விங்கர் திரும்பிப் பார்த்துத் தலையசைப்பதும் உண்டு. பெரிய லீக்கில் ரசிகனுக்கு இந்தப் பேறு கிடைக்காது. இடைவேளையில் மசாலா கடலைப் பொட்டலத்தோடு நடக்கும் விவாதம் பல நேரம் ஆட்டத்தைவிடச் சூடாக இருக்கும். முதல் ஆட்டம் முடிந்த அணியினர் குளித்துவிட்டு அதே கேலரிக்கு வந்து இரண்டாம் ஆட்டத்தைப் பார்ப்பார்கள். ஒரே நாளில் இரண்டு ஆட்டங்களைத் தாங்கும் தரை இருப்பதாலேயே இதுவும் வாய்க்கிறது. ஸ்போர்ட்டிங் கிளப் பெங்களூரு 2023-24இல் ஐ-லீக்குக்கு அடுத்த நிலையான ஐ-லீக் 2 பட்டம் வென்று மேலேறியபோது இந்தக் கேலரிவாசிகள் அடைந்த மகிழ்ச்சி, அவர்களைக் கீழ்ப்பிரிவிலேயே பார்த்து வளர்த்தவர்களின் மகிழ்ச்சி.

இங்கிலாந்தின் கீழ்ப்பிரிவுகளில் இதே கேள்வி வேறு விதமாக எழுகிறது. 1981இல் குயின்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ் விரித்த அந்தக் காலத்துக் கெட்டித் தரையின் மேல் பந்து கண்டபடி எம்பியதால், செயற்கைத் தரை என்றாலே அங்கே கெட்ட பெயர். இன்றைய தரை அதுவல்ல. இருந்தும் முதல் நான்கு நிலைகளில் அனுமதி இல்லை. ஐந்தாம் நிலையிலிருந்து மேலேறிய ஹாரோகேட் டவுன் 2020இலும், சட்டன் யுனைடெட் 2021இலும், பிராம்லி 2024இலும் நன்றாக இருந்த செயற்கைத் தரையைப் பெயர்த்துவிட்டு இயற்கைப் புல் போட வேண்டியதாயிற்று. வாரம் முழுவதும் ஊர்ப் பிள்ளைகளுக்கும் பள்ளிகளுக்கும் வாடகைக்கு விட்டு அந்த வருமானத்தில் வாழும் சிறிய கிளப்பிடமிருந்து, வெற்றி பெற்ற ஆண்டிலேயே அந்த வருமானத்தைப் பறிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. மாறாக, ரப்பர் குருணை விஷயத்தில் ஐரோப்பிய ஒன்றியம் எடுத்த முடிவை வரவேற்கிறேன். நுண்பிளாஸ்டிக் பரவுவதைத் தடுக்க, 2031 அக்டோபருக்குப் பிறகு அத்தகைய குருணை விற்பனைக்கு அங்கே தடை. ஒவ்வொரு ஆட்டத்துக்குப் பின்னும் பிள்ளைகள் பூட்ஸைக் கவிழ்த்துத் தட்டும்போது கொட்டும் கருப்புத் துகள் அடுத்த மழையில் சாக்கடைக்குத்தான் போகிறது. தக்கை போன்ற தாவரப் பொருள்களை நிரப்பும் தரைகள் உலகில் வந்துவிட்டன. புதிதாகத் தரை போடுபவர்கள் இப்போதே அதை யோசிக்க வேண்டும்.

ஆடுபவர்களுக்கு என் அனுபவத்தில் ஒன்று சொல்வேன். அடியில் நீளமான ஸ்டட் (முனைகள்) கொண்ட, இயற்கைப் புல்லுக்கான எஃப்ஜி பூட்ஸ் இந்தத் தரையில் மாட்டிக்கொள்ளும். உடல் திரும்பும்போது கால் திரும்பாமல் நின்றுவிட்டால் முழங்கால் தசைநார் போய்விடும். குட்டையான, எண்ணிக்கையில் கூடுதலான ஸ்டட் கொண்ட, செயற்கைத் தரைக்கான ஏஜி வகைதான் ஏற்றது. நிரப்பு தேய்ந்த வாடகைத் தரைக்கு சிறு ரப்பர் முனைகள் கொண்ட டிஎஃப் வகை பூட்ஸ் போதும். சறுக்கி டேக்கிள் செய்பவர்கள் முழங்காலும் தொடையும் மூடும்படி உள்ளாடை அணிந்தால், தோல் உரிந்து வாரக்கணக்கில் எரியும் அந்தக் காயத்தைத் தவிர்க்கலாம். நம் பேட்டைப் பிள்ளைகளில் பலர் அண்ணன்மார் போட்டுக் கழித்த எஃப்ஜி பூட்ஸோடுதான் டிரையல்ஸுக்கு வருகிறார்கள். புது ஜெர்சிக்குச் செலவிடும் கிளப்புகள் அந்தப் பணத்தில் பல அளவுகளில் சில ஜோடி ஏஜி பூட்ஸை வாங்கி, அணியின் பொதுச் சொத்தாக வைத்திருந்து, வருகிற பிள்ளைகளுக்குக் கொடுத்து ஆடச் சொல்ல வேண்டும்.