ஆலைக்கு எந்தத் தண்ணீர்: கடலா, கழிவா?

சென்னை ஆலைகளுக்கு ஏரியை விட்டால் இரண்டு வழி. ஒன்று, மீஞ்சூர், நெம்மேலியில் செய்வதுபோல் கடல்நீரைச் சுத்திகரிப்பது. லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. அதைப் பிரிக்க ஆயிரம் லிட்டருக்கு 3, 4 யூனிட் கரண்ட் போய்விடும். மிஞ்சும் உப்புநீர் மறுபடி கடலுக்கே.

இன்னொன்று, கழிவுநீரைச் சுத்திகரிக்கும் கொடுங்கையூர் வழி. நாம் சாம்பார் பாத்திரம் கழுவிய தண்ணீரும் அங்கே வந்து சேரும். அதை ஆர்.ஓ. (உப்பையும் பிரிக்கும் மெல்லிய சவ்வு வடிகட்டல்) வரை சுத்திகரித்து மணலி ஆலைகளுக்குக் குழாயில் அனுப்புகிறார்கள், தினமும் 4.5 கோடி லிட்டர் திறன். கோயம்பேட்டிலும் அதே அளவு, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்துக்கு. உப்பு குறைவு, அதனால் கரண்டும் குறைவு. சவ்வில் அழுக்கு அடைப்பதுதான் தொல்லை; முன்வடிகட்டலில் சிக்கனம் பார்க்கக் கூடாது.

ஆலையில் சூட்டைத் தணிக்கும் கூலிங் டவருக்கு இந்தச் சுத்திகரித்த கழிவுநீரே தாராளம். சுத்திகரித்த கடல்நீரைக் குடிப்பதற்கு வைத்துக்கொள்ளலாம்.