பீகாரின் மதுவிலக்கும் தமிழ்நாட்டின் டாஸ்மாக்கும்

2016 ஏப்ரலில் பீகார் மதுவை முழுதாகத் தடை செய்தது. தமிழ்நாட்டிலோ 2003 முதல் சில்லறை விற்பனையே அரசின் கையில்.

பீகாரில் தடையைக் கேட்டவர்கள் பெண்கள். கூலிப் பணம் வீடு வந்து சேர வேண்டும் என்ற அவர்களின் நியாயத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் சட்டத்தில் அதிகம் சிக்கியவர்கள் ஏழைகள். நீதிமன்றங்களில் வழக்குகள் குவிந்தன. முதல்முறை குடித்துப் பிடிபட்டால் அபராதம் கட்டி வெளியே வரலாம் என்று 2022-இல் திருத்தினார்கள். அதே ஆண்டு டிசம்பரில் சாரன் மாவட்டத்தில் கள்ளச்சாராயம் பலரைக் கொன்றது.

டாஸ்மாக் இருந்தால் கள்ளச்சாராயம் வராது என்பார்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயத்துக்கு 60-க்கும் மேற்பட்டோர் பலியானார்கள். மதுக்கடைகள் இருந்தும், குவாட்டர் வாங்கக் காசு போதாதவர்கள் பாக்கெட் சாராயத்துக்குப் போனார்கள். ஆண்டுக்கு 45,000 கோடி ரூபாய்க்கு மேல் வருவாய் தரும் தொழிலை எந்த அரசும் மனமுவந்து சுருக்காது. இந்த வழியின் பெரிய கோளாறு அதுதான்.

இரண்டில் ஒன்றென்றால், குடிப்பவரைச் சிறைக்கு அனுப்பாத தமிழ்நாட்டு வழியே என் தேர்வு. ஆனால் அந்த வருவாயில் ஒரு பங்கை மாவட்டந்தோறும் குடிநோய் சிகிச்சைக்கு ஒதுக்கியாக வேண்டும்.