கடற்கரைக் கிணறு இறைக்கத் தெரிந்த ஆட்கள்

போன தை மாதம், யாழ்ப்பாணத்தில் வடமராட்சிக் கடற்கரையோரம் உள்ள மணற்காடு என்ற ஊரில் எங்கள் வீட்டுக் கிணற்றைத் துப்பரவாக்கினோம். அதைச் செய்து தந்தவர்களைப் பற்றி எழுத வேண்டும் என்று அன்றைக்கே நினைத்தேன். நெல்லியடிப் பக்கமிருந்து வருகிற ஒரு பெரியவரும் அவருடைய இரண்டு மகன்மாரும்தான் அந்தக் குழு. கடை, பெயர்ப்பலகை ஒன்றும் இல்லை. கடலுக்குக் கிட்டவுள்ள கிணற்றில் எப்படி வேலை செய்ய வேண்டும் என்று தெரிந்த ஆட்களை இருபது வருடத்துக்குப் பிறகு இப்போதுதான் கண்டேன்.

கார்த்திகை மழையில் வளவு முழுக்க வெள்ளம் நின்றது. கழிவறைக் குழித் தண்ணீரும் சேர்ந்து கிணற்றுக்குள் போய்விட்டது. பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்து பார்த்து, இறைத்துக் குளோரின் போடும்வரை குடிக்க வேண்டாம் என்றார். இறைப்பது என்றாலே எனக்குப் பயம். அந்தப் பயம் 2005இல் வந்தது.

2004 டிசம்பர் 26, நத்தாருக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. கடல் வந்தபோது மாமி கிணற்றடியில் நின்றார். மூன்றாம் நாள் சவுக்கங்காட்டுக்குள் அவரை எடுத்தோம். அதற்கு மேல் எழுத எனக்கு ஏலாது. கிணறு சேறும் கடல் மணலுமாகக் கிடந்தது. ஜனவரி கடைசியில் உதவிக்கு வந்த ஒரு குழு பெரிய மெசினை இறக்கி அடிதெரிய இறைத்தது. நல்ல மனதோடு வந்தவர்கள். வெயிலில் எங்களோடு நின்று பாடுபட்டார்கள். ஆனால் இறைத்த தண்ணீரைக் கிணற்றுக்குப் பக்கத்திலேயே விட்டார்கள். அது மணலுக்குள்ளால் திரும்பக் கிணற்றுக்கே வந்தது. ஊறிய தண்ணீர் சவர், அதாவது உப்புக் கரிக்கிறது என்று மறுபடி இறைத்தார்கள். ஒரு கிழமைக்குள் மூன்று தரம். மூன்றாம் தரம் ஊறியது முதல் தரத்தை விட உப்பு. கிணற்றின் ஒரு பக்கக் கட்டுச் சுவரும் உள்ளே சரிந்தது.

ஏன் அப்படி நடந்தது என்று பிறகுதான் விளங்கியது. எங்கள் மணலுக்குள் மழைத் தண்ணீர் உப்புத் தண்ணீருக்கு மேலே மிதந்துகொண்டு நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஒரு அடி நன்னீர் நின்றால், அந்தப் பாரம் கீழே ஏறத்தாழ 40 அடிக்கு உப்பை அமுக்கி வைத்திருக்கும். இறைத்து இறைத்து மேல் மட்டத்தைக் குறைத்தால் கிணற்றுக்கு நேர் கீழே உப்பு கூம்பு மாதிரி ஏறும். புத்தூர் நிலாவரைக் கிணற்றைப் பற்றித் தெரிந்தவர்களுக்கு இது புதிதல்ல: மேலே நல்ல தண்ணீர், ஆழம் போகப் போக உப்பு. சுனாமியில் இலங்கைக் கரையோரம் 40,000க்கும் அதிகமான கிணறுகள் பழுதாகின. அளவுக்கு மிஞ்சி இறைத்ததால் பல இடங்களில் உப்பு கூடியது, கடைசியில் மழைதான் அதைக் கழுவியது என்று ஆய்வு செய்தவர்கள் பிறகு எழுதினார்கள். எங்களுக்கும் அதுதான் நடந்தது. கறுப்புத் தாங்கியடியில் தண்ணீர் கொண்டுவரும் பவுசர் வண்டிக்காக வரிசையில் நின்றோம். பவுசர் வராத நாளில் மணல் மேட்டுக்குப் பின்னால் பூவல் என்கிற சின்ன ஊற்றுக்குழி தோண்டி, சிரட்டையால் அள்ளிக் குடத்தை நிரப்பினோம். இரண்டு மாரி போன பிறகுதான் அந்தக் கிணற்றுத் தண்ணீரில் தேத்தண்ணி வைக்க முடிந்தது.

ஆகவே இந்தப் பெரியவருக்குப் போன் எடுத்தபோது, "அடிதெரிய இறைக்க எவ்வளவு நேரம் எடுக்கும் ஐயா?" என்று வேண்டுமென்றே கேட்டேன். "அடிதெரிய இறைக்க நான் வரமாட்டன் பிள்ளை. உங்கட பக்கம் அப்பிடிச் செய்தால் கிணறு கெட்டுப்போம்" என்றார். சரி, இவர்தான் ஆள் என்று அப்போதே முடிவெடுத்தேன்.

வந்தவுடன் மெசினைத் தொடவில்லை. முடிச்சுப் போட்ட கயிற்றை இறக்கி ஆழம் பார்த்தார். பிறகு கல் கட்டிய போத்தலால் மேல் தண்ணீரையும் அடித் தண்ணீரையும் தனித்தனியே எடுத்து, கையடக்க மீற்றரால் உப்பு பார்த்தார். மேலே 870, அடியில் அதைவிடக் கூட. கடல் தண்ணீரில் இது 50,000 அளவில் காட்டும் என்றார். சின்ன மெசின் ஒன்றின் உறிஞ்சு குழாயை வெறும் எண்ணெய்க் கானில் கட்டி மிதக்கவிட்டார்கள். தண்ணீர் எவ்வளவு இறங்கினாலும் குழாய் வாய் மேல் தண்ணீரைத்தான் எடுத்தது. இருபது நிமிடம் ஓடும், பிறகு நிற்பாட்டி ஊறவிடுவார்கள். பாதிக்குக் கீழே இறங்கவே விடவில்லை. இறைத்த தண்ணீரை நீளக் குழாயால் வேலிக்கு அப்பால் கொண்டுபோய் விட்டார்கள். அடிச் சேற்றை இளைய மகன் உள்ளே இறங்கி வாளியால் அள்ளினான். மற்றவன் கயிற்றைக் கையை விட்டு எடுக்கவே இல்லை.

இரண்டாம் நாள் ஒரு வாளியைக் கவிழ்த்தபோது கறுத்தச் சேற்றுக்குக் கீழே வெள்ளை மணல், உடைந்த சிப்பியோடு. பெரியவர் அதை விரலால் பிரித்துக் காட்டி, "இது அந்தக் கடல் கொண்டுவந்தது" என்றார். நான் ஒரு பிடி எடுத்து வைத்திருக்கிறேன்.

பிளீச்சிங் பவுடரை வாளியில் கரைத்து, தெளிவை மட்டும் ஊற்றினார்கள். ஒரு இரவு விட்டு, மணம் போகும்வரை கொஞ்சம் கொஞ்சமாக எடுக்கச் சொன்னார்கள். கிணற்றுக் கட்டுச் சுவரில் இருந்த வெடிப்பையும் சீமெந்தால் அடைத்தார்கள். முடியும்போது மீற்றரில் 910. மூன்று பேருக்கும் இரண்டு நாளுக்கு 18,000 ரூபாய் கொடுத்தேன். பெரிய மெசின்காரர் அரை நாளில் பாதிக் காசுக்கு முடிப்பார்கள், உண்மைதான். கடலுக்கு இந்தப் பக்கம் இருப்பவர்கள் அதற்கு ஆசைப்பட வேண்டாம்.

குறையும் இருக்கிறது. சொன்ன நாளுக்கு இரண்டு நாள் பிந்தி வந்தார்கள், ஒரு சொல் அறிவிக்கவில்லை. அள்ளிய சேற்றை வேலியடியில் குவித்துவிட்டுப் போனார்கள். அதை அகற்ற வேறு ஆள் பிடிக்க வேண்டியிருந்தது. துண்டு, ரசீது எதுவும் தரமாட்டார்கள்.

தாளையடியில் கடல் தண்ணீரைக் குடிநீராக்கும் நிலையம் 2024 ஆகஸ்டில் திறந்ததிலிருந்து, இனிக் கிணறு எதற்கு என்று சொந்தக்காரர் கேட்கிறார்கள். குழாய் வரட்டும், நல்லதுதான். ஆனால் கரன்ட் நின்றால் குழாயும் நிற்கும். கிணற்றுக்கு ஒரு வாளியும் கயிறும் போதும். தயவுசெய்து மூடிவிடாதீர்கள்.

கூப்பிடுவதென்றால் மாரி முடிந்து தையில் கூப்பிடுங்கள், அப்போதுதான் நன்னீர் நிறைய நிற்கும். சித்திரை, வைகாசியில் கேட்டால் அவரே வரமாட்டார்.

இன்று காலை கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைத்துப் பிளேன்ரீ போட்டேன். சவர் இல்லை.