பிரிக்பீல்ட்ஸ் கிளினிக்கும் பார்லரும் கேலண்ட்லியை நம்பலாமா?

நேரம் கொடுத்து நடத்தும் சிறு தொழில் எதற்கும், வாடிக்கையாளரே இணையத்தில் நேரம் பதிவு செய்துகொள்ள உதவும் கேலண்ட்லியைத் (Calendly) தாராளமாகச் சொல்லலாம். உறுதி செய்யும் மின்னஞ்சலிலேயே நேரத்தை மாற்றவும் ரத்து செய்யவும் லிங்க் இருப்பதுதான் இதன் பலம். வர முடியாதவர் போன் போடத் தயங்கிப் பேசாமல் இருந்துவிடுவார். லிங்க் கையில் இருந்தால் தட்டிவிடுவார், அந்த இடம் அடுத்தவருக்குக் கிடைக்கும்.

இலவசத் திட்டத்தில் ஒரே ஒரு சந்திப்பு வகைதான் அமைக்கலாம். தானாகப் போகும் நினைவூட்டலுக்குக் காசு கட்ட வேண்டும். அந்த மெயிலையும் நம் ஆட்களில் எத்தனை பேர் திறக்கிறார்கள்? அதனால் படிவத்தில் கைப்பேசி எண்ணைக் கட்டாயக் கேள்வியாக வையுங்கள். முந்தின நாள் மாலை வாட்ஸ்ஆப்பில், “நாளை காலை 10.30. வருவதானால் 1, மாற்ற 2” என்று அனுப்புங்கள். பதில் வராதவர்களை அன்றைக்கே கூப்பிட்டுக் கேளுங்கள்.

குறைந்தபட்ச முன்னறிவிப்பு, அதாவது சந்திப்புக்கு எவ்வளவு நேரம் முன்பே பதிவு செய்ய வேண்டும் என்பது, 4 மணி நேரமாக இருக்கும், 12 ஆக்குங்கள். சந்திப்புகளுக்கு நடுவே 15 நிமிடம் விடுங்கள், மழை பிடித்தால் ஜாலான் துன் சம்பந்தன் சாலையில் வண்டி நகராது. நேரில் வரும் சந்திப்புக்கு நேர மண்டலத்தைக் கோலாலம்பூருக்குப் பூட்டுவது அவசியம். இல்லாவிட்டால் சென்னையில் இருந்தபடி பதிவு செய்பவருக்கு இரண்டரை மணி நேரம் குறைத்துக் காட்டும்.