கேரவன் வேனுக்குச் சோலார் பொருத்தப் போகிறவர்கள் பணம் கொடுப்பதற்கு முன் இதைப் படியுங்கள்: ரூ.1,84,500 இழந்தேன்

இன்று காலை பத்தரை மணிக்கு, என் வேனுக்குச் சோலார் பொருத்திய கடைக்காரர் ஏழாவது முறையாக என் அழைப்பைத் துண்டித்தார். அந்த ஆத்திரம் அடங்குவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். வேனை வீடாக மாற்றி ஊர் சுற்ற நினைக்கும் வேறு எவரும் இதே குழியில் விழக் கூடாது என்பதால், நடந்ததை முழுமையாகச் சொல்லிவிட்டு, எவற்றையெல்லாம் சரிபார்க்க வேண்டும் என்பதையும் கடைசியில் எழுதுகிறேன். என் கையைவிட்டுப் போன தொகை ரூ.1,84,500.

பழைய டெம்போ டிராவலர் ஒன்றை வாங்கி, கரூரில் பஸ் பாடி கட்டும் பட்டறையில் கொடுத்து, இரண்டு படுக்கைகள், சிறிய சமையல் மேடை, தண்ணீர்த் தொட்டி எல்லாம் அமைத்துக்கொண்டேன். அந்த வேலையில் ஒரு குறையும் சொல்ல முடியாது. என் அம்மாவுக்கு வயது 74. ராமேஸ்வரம், திருச்செந்தூர், கன்னியாகுமரி என்று கடலோரக் கோயில்களை அவசரமில்லாமல் பார்த்துவர வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. அவர் தினமும் இரண்டு வேளை இன்சுலின் போட்டுக்கொள்பவர். பிரிக்காத மருந்து 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும் என்பதால், இரவெல்லாம் நிற்காமல் ஓடும் சிறிய ஃபிரிட்ஜ் ஒன்று வேனில் கட்டாயம் தேவைப்பட்டது.

கடைகளையும் வேலைக்காரர்களையும் பட்டியலிட்டுக் காட்டும் வணிகச் செயலி ஒன்றில் தேடினேன். கோவைப் புறநகரில் உள்ள சோலார் கடை ஒன்று, ‘சரிபார்க்கப்பட்டது’ என்ற குறியோடும் ஏராளமான நட்சத்திரங்களோடும் முதலாவதாக வந்து நின்றது. அம்மாவையும் அழைத்துக்கொண்டு நேரில் போனேன். கடைக்காரர் எழுந்து வந்து அம்மாவுக்கு நாற்காலி போட்டார். ஃபேனை அவர் பக்கம் திருப்பினார். மோர் வாங்கிவரச் சொல்லிப் பையனை அனுப்பினார். ஃபிரிட்ஜ் எதற்கு என்று நான் விளக்கியபோது, “அம்மாவுக்கு மருந்து வைக்கிற பெட்டிங்களா? அப்படின்னா இது எங்க வீட்டு வேலைங்க. கரண்டு நின்னா என்னைக் கேளுங்க” என்றார். நான் ஏமாந்தது அந்த நொடியில்தான். அதற்குப் பிறகு அவர் காட்டிய எந்தப் பொருளையும் நான் திருப்பிப் பார்க்கவில்லை, எடை பார்க்கவில்லை, ஜி.எஸ்.டி. பில் கேட்கவில்லை. அங்கேயே ஒரு லட்சம் ரூபாயைக் கைபேசியில் அனுப்பினேன்; வேலை முடிந்த நாளில் மீதி 84,500 ரூபாயையும் அனுப்பினேன். ஆக மொத்தம் ரூ.1,84,500.

அவர் தருவதாக எழுதிக் கொடுத்தவை இவை: 330 வாட் பேனல் இரண்டு, பேனல் தரும் மின்சாரத்தை வீணாக்காமல் பேட்டரிக்கு ஏற்றும் எம்.பி.பி.டி. வகை சார்ஜ் கன்ட்ரோலர், 12 வோல்ட் 200 ஆம்பியர்-ஹவர் (பேட்டரியின் கொள்ளளவு) லித்தியம் பேட்டரி, 2,000 வாட் இன்வெர்ட்டர், இவற்றுக்கு உரிய வயர் வேலை. வேனை எடுக்கப் போன அன்று கன்ட்ரோலரின் நீலத் திரையில் பேட்டரி நூறு சதவீதம் என்று காட்டியது. அவர் மிக்சியை ஓட்டிக் காட்டினார், அம்மா கைகூப்பி நன்றி சொன்னார். அந்தக் கும்பிடை இப்போது நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது.

ராமேஸ்வரத்தில் தங்கிய முதல் இரவு, இரண்டு மணி சுமாருக்கு இன்வெர்ட்டர் கத்தத் தொடங்கியது. ஃபிரிட்ஜும் இரண்டு ஃபேன்களும் மட்டும்தான் ஓடிக்கொண்டிருந்தன. சில நிமிடங்களில் எல்லாம் அணைந்துவிட்டன. மே மாதப் புழுக்கத்தில் அம்மா எழுந்து உட்கார்ந்துகொண்டு, மருந்துப் பெட்டியை ஈரத்துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டிருந்தார். விடிந்ததும் மருந்துக்கடை திறக்கும்வரை காத்திருந்து புதிய இன்சுலின் வாங்கினோம். அடுத்த இரவும் இதேபோல ஆனதால் பயணத்தை அத்தோடு நிறுத்திக்கொண்டு திரும்பினோம்.

வழியில் ராமநாதபுரத்தில் வண்டிகளுக்கு எலெக்ட்ரிக்கல் வேலை பார்க்கும் ஒருவரிடம் வேனைக் காட்டினேன். அவர் உச்சி வெயிலில், வயரில் ஓடும் மின்சாரத்தை அளக்கும் கிளாம்ப் மீட்டரை வைத்துப் பார்த்தார். பேனலிலிருந்து வரும் வயரில் 16.2 ஆம்பியர், பேட்டரிக்குப் போகும் வயரிலும் அதே 16.2 ஆம்பியர். இரண்டு பக்கமும் வோல்டேஜ் ஏறக்குறைய 13.4. கன்ட்ரோலர் எம்.பி.பி.டி. இல்லை என்று அப்போதே சொல்லிவிட்டார். காரணத்தையும் பொறுமையாக விளக்கினார். வீட்டுக் கூரைக்கென்று வரும் 330 வாட் பேனல் 37 வோல்ட் அளவில்தான் தன் முழு வேலையையும் செய்யும். உண்மையான எம்.பி.பி.டி. அந்த உயர்ந்த வோல்டேஜை வாங்கிக்கொண்டு, பேட்டரிக்கு ஏற்றபடி இறக்கி, அதற்கு ஈடாக ஆம்பியரைக் கூட்டிக் கொடுக்கும். ஆகவே பேட்டரிப் பக்கத்து ஆம்பியர் பேனல் பக்கத்தைவிட மிக அதிகமாக இருக்க வேண்டும். எனக்குப் பொருத்தியிருந்ததோ, பேனலை நேராகப் பேட்டரியோடு சேர்த்தும் பிரித்தும் விடுகிற விலை குறைந்த பி.டபிள்யூ.எம். கன்ட்ரோலர். அதன் முகப்பில் எம்.பி.பி.டி. என்று அச்சிட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். கூரையில் 660 வாட் பேனல் இருந்தும், நல்ல வெயிலில் எனக்குக் கிடைத்தது சுமார் 217 வாட்.

பேட்டரியைக் கழற்றிப் பக்கத்துக் காய்கறிக் கடைத் தராசில் வைத்தோம். 12.5 கிலோ இருந்தது. இந்த வகை லித்தியம் பேட்டரி 200 ஆம்பியர்-ஹவர் என்றால் ஏறக்குறைய இருபது கிலோவாவது இருக்கும் என்று அவர் சொன்னார். ஊர் திரும்பியதும் அதை முழுமையாகச் சார்ஜ் செய்து, 55 வாட் ஹெட்லைட் பல்புகள் இரண்டை மாட்டி எரியவிட்டு, நேரத்தைக் குறித்துக்கொண்டே இருந்தேன். இருபது மணி நேரத்துக்கு மேல் எரிய வேண்டிய பல்புகள் பத்து மணி நேரத்தில் அணைந்தன. பாதிப் பேட்டரிக்கு முழு விலை கொடுத்திருக்கிறேன்.

பணத்தைக்கூட ஒரு பக்கம் வைத்துவிடலாம். வயர் வேலையை என்னால் மன்னிக்கவே முடியாது. 2,000 வாட் இன்வெர்ட்டர் முழுச் சுமையில் ஓடினால் 12 வோல்ட் பேட்டரியிலிருந்து 170 ஆம்பியருக்கும் மேல் இழுக்கும். அதற்கு 50 அல்லது 70 ஸ்கொயர் எம்.எம். கேபிள் போட வேண்டிய இடத்தில் 16 ஸ்கொயர் எம்.எம். போட்டிருந்தார்கள். பேட்டரியின் பாசிட்டிவ் முனையை ஒட்டி இருக்க வேண்டிய ஃபியூஸ் இல்லவே இல்லை. ஓடுகிற வண்டியின் அதிர்வில் அந்தக் கேபிள் தகரத்தில் உரசி ஷார்ட் ஆகியிருந்தால், அதைத் தடுக்க எதுவுமே இருந்திருக்காது. அந்தப் பேட்டரிப் பெட்டிக்கு மேலே இருந்த படுக்கையில்தான் என் அம்மா இரண்டு இரவுகள் படுத்திருந்தார். சில நூறு ரூபாய் ஃபியூஸை மிச்சம் பிடித்த அந்த மனிதர்தான் எங்களுக்கு மோர் வாங்கிக் கொடுத்தவர்.

கடைக்காரரை அழைத்தேன். முதல் அழைப்பில், மேகமூட்டமாக இருந்திருக்கும் என்றார். ராமேஸ்வரத்தில் அந்த இரண்டு நாட்களும் தரையில் கால் வைக்க முடியாத வெயில். இரண்டாவது அழைப்பில், ஃபிரிட்ஜ் அதிகமாக இழுக்கிறது என்றார். அந்த ஃபிரிட்ஜ் அவர் முன்னிலையில் மாட்டப்பட்டது. மூன்றாவது முறை, டெக்னீசியன் ஊருக்குப் போயிருக்கிறார், திங்கட்கிழமை வருவார் என்றார். இரண்டு திங்கட்கிழமைகள் போய்விட்டன. தராசில் வைத்த பேட்டரியின் படத்தையும் மீட்டர் காட்டிய அளவுகளையும் வாட்ஸ்அப்பில் அனுப்பியபோது, “வெளியாளை வெச்சுக் கழட்டிட்டீங்க, இனி வாரண்டி கிடையாதுங்க” என்று ஒரே வரியில் பதில் வந்தது. வாரண்டி அட்டையை எடுத்துப் பார்த்தேன். அதில் கடையின் முத்திரை மட்டும் இருந்தது. பேட்டரியின் வரிசை எண் எழுதப்படவே இல்லை.

செயலி நிறுவனத்துக்கு மூன்று புகார்கள் அனுப்பினேன். தாங்கள் தொடர்பை ஏற்படுத்தித் தருபவர்கள் மட்டுமே என்றும், பொருளுக்குத் தாங்கள் பொறுப்பில்லை என்றும் மூன்று முறையும் எழுத்து மாறாமல் அதே பதில் வந்தது. பிறகு புகார் முடித்துவைக்கப்பட்டதாகக் குறுஞ்செய்தி வந்தது. நான் எழுதிய மதிப்புரையை நீக்கிவிட்டார்கள். ‘சரிபார்க்கப்பட்டது’ என்ற குறி இன்னமும் அந்தக் கடையின் பெயருக்குப் பக்கத்தில் இருக்கிறது. எதைச் சரிபார்த்தார்கள்? என் ரூ.1,84,500-க்கு அந்தக் குறிதானே வழிகாட்டியது?

என்னென்ன பார்க்க வேண்டும் என்று எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். விரிவாக எழுதும் நிலையில் இப்போது இல்லை. அவசரமானவற்றை மட்டும் சொல்கிறேன். மீதிப் பணம் கொடுப்பதற்கு முன் நண்பகல் வெயிலில், பேட்டரி நிரம்பாமல் இருக்கும்போது, கிளாம்ப் மீட்டரைக் கன்ட்ரோலரின் இரண்டு பக்கமும் வைத்துப் பாருங்கள். பேட்டரியைத் தராசில் வைக்காமல் வாங்காதீர்கள். பேட்டரியை ஒட்டி ஃபியூஸ் இல்லாத வண்டியில் யாரையும் படுக்கவிடாதீர்கள். வரிசை எண் எழுதிய வாரண்டி அட்டையும் ஜி.எஸ்.டி. பில்லும் கைக்கு வராமல் முன்பணத்துக்கு மேல் ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள்.

நேற்று தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் புகாரைப் பதிவு செய்துவிட்டேன். அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறேன். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு அங்கே கட்டணம் இல்லை. பணம் அனுப்பிய விவரங்கள், அவர் கையால் எழுதிய எஸ்டிமேட், மீட்டர் படங்கள், அந்த ஒற்றை வரி வாட்ஸ்அப் பதில் எல்லாவற்றையும் அச்செடுத்து வைத்திருக்கிறேன். பேட்டரியை வேனிலிருந்து கழற்றி வெளித் திண்ணையில் வைத்திருக்கிறேன். திருச்செந்தூருக்கு எப்போது போகிறோம் என்று அம்மா இன்று காலையும் கேட்டார்.